பால் கொடுத்தவள் பெயர் என்ன?

திருவானைக்காவல் கோயிலின் கதையை எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்ப்பார்கள். ஒரு யானையும் ஒரு சிலந்தியும் ஈசனை வழிபட்டன, இரண்டும் சண்டையிட்டு மாண்டன, சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது, யானை நுழைய முடியாத மாடக்கோயிலை அவன் கட்டினான் என்று கதை முடியும். கதையின் நடுவே ஒரு பிரசவம் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பெரியபுராணம் அதைச் சொல்கிறது. சுபதேவன் என்ற சோழனின் மனைவி கமலவதிக்குப் பிரசவ வலி எடுக்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இந்தக் குழந்தை மூவுலகையும் ஆளும் என்கிறார்கள் சோதிடர்கள். அரசி தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்கிறாள். குறித்த நேரம் வந்ததும் அவிழ்த்துவிடுகிறார்கள். பிள்ளை கண் சிவந்து பிறக்கிறது. அந்தச் செங்கண்ணைச் சொல்லி அழைத்துவிட்டுத் தாய் இறந்துபோகிறாள்.

நல்ல நேரம் என்ற நம்பிக்கைக்கு ஒரு பெண்ணின் உயிர் போன கதை இது. ஆனால் எனக்கு இதில் இன்னொரு கேள்வியும் உண்டு. தாயில்லாத அந்தப் பச்சைக் குழந்தைக்கு முதல் பால் கொடுத்தவள் யார்? அன்று புட்டிப்பால் கிடையாது, மாவுப்பால் டப்பா கிடையாது. யாரோ ஒருத்தி தன் மார்பைக் கொடுத்திருந்தால்தான் அந்தக் குழந்தை பிழைத்திருக்க முடியும். அரசன் பெயர் இருக்கிறது, அரசி பெயர் இருக்கிறது, சிலந்தி பின்னிய வலைகூட இருக்கிறது. பால் கொடுத்தவள் பெயர் மட்டும் இல்லை.

இந்தப் பெயரில்லாதவளைத் தேடிக்கொண்டு போனால் அரண்மனை, வெள்ளைக்காரர் பங்களா, பண்ணை வீட்டுக் கொல்லை எல்லாவற்றையும் கடந்து, இன்று திருச்சி புத்தூரில் இருக்கும் அரசு மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி வரை வரவேண்டியிருக்கிறது.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குச் செவிலித்தாயைத் தெரியும். தலைவியை வளர்ப்பவள், தோழியைப் பெற்றவள். பழைய மரபு ஐவகைத் தாயரைச் சொல்லும். பாராட்டும் தாய், ஊட்டும் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். இதில் முலைத்தாய் என்பவள் பால் கொடுப்பதற்காகவே இருப்பவள். ஒரு பிள்ளைக்கு ஐந்து தாய் வைக்க வசதி உள்ள வீட்டின் பட்டியல் இது. முலைத்தாய்க்குப் பால் இருந்தது என்றால் அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு எத்தனை தாய் இருந்தார்கள்? பட்டியலில் அதற்கு இடமில்லை.

வெள்ளைக்காரர்கள் வந்தபோதும் இந்த வேலை ஒழியவில்லை. பால் கொடுக்கும் தாதியை அவர்கள் 'ஆமா' என்று அழைத்தார்கள். போர்த்துக்கீசியச் சொல் அது. சென்னையிலும் பம்பாயிலும் அது புழங்கியதை 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி பதிவு செய்திருக்கிறது. வெள்ளைக்காரக் குழந்தையை மார்போடு அணைக்க ஆதிக்க சாதிப் பெண்கள் போகவில்லை. போனவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் முஸ்லிம் பெண்களும். கூலிக்குப் பால் கொடுக்கப் போனவளின் சொந்தக் குழந்தை கஞ்சித் தண்ணீரிலும் மாட்டுப் பாலிலும் கிடந்து வாடியது. அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களுக்கும் இதே கதிதான். எசமானியின் குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள், தங்கள் குழந்தையைப் பட்டினி போட்டார்கள்.

இது ஏதோ தொலைதூர வரலாறு என்று நினைக்க வேண்டாம். என் அம்மாயி சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அவர் பிள்ளை பெற்றிருந்த சமயத்தில் பண்ணை வீட்டு மருமகளுக்கு ஜன்னி கண்டு பால் வற்றிவிட்டதாம். ஆள் அனுப்பி அம்மாயியைக் கூப்பிட்டார்கள். கொல்லைப்புறமாக வரவேண்டும். கிணற்றைத் தொடக்கூடாது, வேறொருவர் இறைத்து ஊற்ற, குளிக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். அம்மாயிக்குச் சோறு வாழையிலையில். தண்ணீர் கையில். "எம் பாலு தீட்டில்லையாம்டா, எங் கையிதான் தீட்டாம்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு, "ஒங்க பெரிய மாமனுக்குத்தான் அப்ப வயிறு நெறையல" என்பார். அப்போது சிரிக்க மாட்டார்.

தோழர்களே, தீட்டு என்ற கணக்கை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. திருவானைக்காவல் நீர்த்தலம். கருவறையில் எப்போதும் நீர் ஊறும். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்த பிறகுதான் கோயிலுக்குள் போய் அதைப் பார்ப்பது நமக்குச் சட்டப்படியான உரிமையானது. மகத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அண்ணல் அம்பேத்கர் 1927இல் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நாம் தொட்டால் தண்ணீர் தீட்டு. நம் உடம்பில் ஊறும் பால், அவர்களுக்குத் தேவைப்பட்டால், தீட்டில்லை. தேவை வரும்போது விலகி நிற்கும் தீட்டு, தூய்மையைப் பற்றியது அல்ல, அதிகாரத்தைப் பற்றியது.

இனி அந்தப் பால் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால்தான் பறிபோனது எவ்வளவு என்று தெரியும்.

37 வாரம் நிறையும் முன்பே பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. 2020இல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் 30 லட்சத்துக்கும் மேல் இந்தியாவில். தாயின் இரத்தசோகை, கிருமித்தொற்று, இரத்தக் கொதிப்பு, சிறு வயதுக் கர்ப்பம், ஓய்வில்லாத கடும் உழைப்பு என்று இதற்குப் பின்னால் உள்ள காரணங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எந்தத் தெருக்களில் அது அதிகமாக இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடல் இன்னும் முதிராதது. கிருமியைத் தடுக்கும் சுவர் அதில் சரியாக உருவாகியிருக்காது. மாவுப்பாலோ மாட்டுப்பாலோ அதற்குள் போனால் குடல் வீங்கி, திசு செத்து, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும் ஆபத்து கூடும். மருத்துவர்கள் இதை 'என்.இ.சி.' என்று சுருக்கிச் சொல்வார்கள். பிரிட்டனில் ஆலன் லூகாஸ், கோல் என்ற இருவர் 926 குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1990இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட மாவுப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம்.

காரணம் பாலுக்குள்ளேயே இருக்கிறது. முதல் சில நாட்களில் மஞ்சளாகச் சுரக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்திருக்கின்றன. அவை குடலின் உள்சுவரில் பூசினாற்போலப் படிந்து கிருமிகளை மறிக்கின்றன. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில், நிறைமாதத்தில் பெற்ற தாயின் பாலைவிட முதல் வாரங்களில் புரதம் கூடுதலாக இருக்கும். எந்தக் குழந்தைக்கு எது தேவையோ அதை அந்தத் தாயின் உடம்பே தயாரிக்கிறது. இந்தச் சீம்பாலைத்தான் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை தொடுவது என்று சர்க்கரைத் தண்ணீரையும், தெருவில் கூவி விற்கும் கழுதைப் பாலையும் பிள்ளையின் நாக்கில் வைத்தோம். இந்தப் பழக்கம் நம் தெருக்களிலும் இருந்தது. அதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் சரியாகச் செய்ததும் ஒன்று உண்டு. சுமார் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடு ஒன்று ஒத்து வராது. முதலில் குழாய் வழியாக வயிற்றுக்குப் பால் போகும். பிறகு சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும். அதற்கு இந்திய மருத்துவமனைகளில் பயன்படுவது நம் வீட்டுப் பாலாடை. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம்தான். ஆங்கில மருத்துவ இதழ்களிலும் அதன் பெயர் 'பாலாடை'தான். புட்டியைவிடக் கழுவ எளிது, கிருமி தங்காது. நம் அடுப்படியிலிருந்து உலக மருத்துவத்துக்குப் போன சொல் அது.

தாய்க்குப் பால் இல்லையென்றால், தாயே இல்லையென்றால் என்ன செய்வது? கோச்செங்கணான் பிறந்த அன்று எழுந்த கேள்வி இது. முலைத்தாயைக் கூலிக்குப் பிடிப்பதற்கு மாற்றாக 1909இல் வியன்னா நகரில் தியோடர் எஷெரிச் என்ற மருத்துவர் உலகின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவுக்கு அது வர 80 ஆண்டுகள் ஆயின. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அமைத்தார். சயான் மருத்துவமனை எங்கே இருக்கிறது தெரியுமா? தாராவியின் வாசலில். தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து பிழைக்கப் போய்த் தோல் பதனிடும் தொழிலில் உழைத்த நம் மக்களின் தாராவி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி பணக்காரர்களின் மருத்துவமனையில் பிறக்கவில்லை. உழைக்கும் மக்கள் பிள்ளை பெறும் மாநகராட்சி மருத்துவமனையில் பிறந்தது.

தமிழ்நாடு அரசு 2014இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து திருச்சி உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் அது வந்தது. திருச்சியில் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் அது இயங்குகிறது. 2023 முதல் 2025 வரை 22 மாதங்களில் ஒரே தாய் 300 லிட்டருக்கு மேல் அங்கே கொடுத்திருக்கிறார். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 150 மில்லி. ஒரு லிட்டர் பால் என்பது அந்தக் குழந்தைக்கு ஆறு நாள் உயிர்.

வங்கியின் வேலைமுறையைக் கவனியுங்கள். கொடுக்க வரும் தாய்க்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகை, சிபிலிஸ் பரிசோதனை. யார் பால் கொடுக்கலாம் என்பதை இங்கே முடிவு செய்வது இரத்தப் பரிசோதனை, பிறப்பு அல்ல. பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலப்பார்கள். 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். குளிரவைத்து, கிருமி இல்லை என்று சோதித்து, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் வைப்பார்கள். அந்தக் கலத்தில் எந்தத் துளி எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று பிரிக்க உலகத்தில் ஒரு கருவியும் கிடையாது. அக்ரகாரத்துக் குழந்தைக்குச் சேரிப் பால் போகும், சேரிக் குழந்தைக்கு அக்ரகாரத்துப் பால் போகும். கொடுத்தவளுக்கு வாங்கியது யார் என்று தெரியாது. கொல்லைப்புற வழியும் கிடையாது, வெளுத்த சேலையும் கிடையாது. இதில் விலையும் கிடையாது. தாய்ப்பாலை வணிகமாக விற்கக் கூடாது என்று 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. விலை வைத்தால் யாருடைய மார்பிலிருந்து பால் வாங்கப்படும் என்பதை முலைத்தாயின் வரலாறு ஏற்கெனவே சொல்லிவிட்டது.

என் அம்மாயி இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். நானும் மகிழ்கிறேன். ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன்.

சூடாக்கும்போது பாலில் உள்ள உயிரணுக்கள் சாகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் நொதி அழிகிறது. எதிர்ப்புப் பொருட்களில் ஒரு பகுதி குறைகிறது. மாவுப்பாலைவிட வங்கிப் பால் மேல், வங்கிப் பாலைவிடப் பெற்ற தாயின் பால் மேல். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையும் இந்த வரிசையில்தான் வைக்கிறது. முதலில் சொந்தத் தாயின் பால், அது கிடைக்காதபோது கொடையாளர் பால்.

சொந்தத் தாயின் பால் ஏன் கிடைக்காமல் போகிறது?

எங்கள் தெருவில் ஒரு பெண், சித்தாள் வேலை. ஏழாம் மாதம் முடிந்த கையோடு பிள்ளை பிறந்தது, எடை 1,250 கிராம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், கழுத்தை நெரிக்கும் வாரக் கடன். பதின்மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். பால் கட்டினால் வலி உயிர் போகும். செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய், மணலில் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி சட்டி தூக்கினாள். அதே நேரத்தில் அவள் குழந்தை, முகம் தெரியாத யாரோ ஒரு தாயின் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாய்க்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் மணலில் போன பால் அந்தக் குழந்தைக்கென்றே ஊறிய பால். என் பெரிய மாமனின் பங்கைப் பண்ணை வாங்கிக்கொண்டது. இந்தக் குழந்தையின் பங்கை நாட்கூலி வாங்கிக்கொண்டது.

குறைமாதக் குழந்தையின் தாய் ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பாலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் சுரப்பு வற்றிவிடும். குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி கட்டி வைக்கும் 'கங்காரு' முறையும் ஒரு சிகிச்சையே. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்தபோது சாவு 25 விழுக்காடு குறைந்தது. அப்படியானால் தாய் அங்கே இருப்பதுதான் மருந்து. அவளைக் கூலிக்குத் துரத்துவது அந்த மருந்தைப் பிடுங்குவதற்குச் சமம்.

இதை அண்ணல் அன்றே உணர்ந்திருந்தார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். 1929இல் பம்பாயில் அது சட்டமானது. 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. 1961இல் நாடு முழுவதற்குமான மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. ஆனால் யாருக்கு? சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. நாற்று நடுகிறவளுக்கும் சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்கிறவளுக்கும் அந்த 26 வாரம் எட்டவில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. 2018இல் அது 18,000 ரூபாயானது. நல்ல திட்டம்தான். ஆனால் தவணையாக வரும் அந்தப் பணம், ஆறு வாரம் எட்டு வாரம் மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் தாய்க்கு இழந்த கூலியாகாது.

ஆகவே நம் கோரிக்கை எளிமையானது. குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாய்க்கு நாட்கூலியை அரசு தர வேண்டும். குழந்தைக்குப் பக்கத்திலேயே தாய்க்குக் கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் வேண்டும். பால் எடுக்கும் கருவியும் கற்றுத்தரும் செவிலியரும் எல்லா வட்ட மருத்துவமனைக்கும் வர வேண்டும். வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளை அங்கன்வாடி முழுநாளும் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் வங்கி இவற்றோடு சேர்ந்து இருக்கட்டும், இவற்றுக்குப் பதிலாக அல்ல.

மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு உடனே பெயர் இருக்காது. கையில் கட்டும் சின்னப் பட்டையில் 'இன்னாரின் குழந்தை' என்று தாயின் பெயரைத்தான் எழுதுவார்கள். புராணம் எழுத மறந்த பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலியும், உட்கார்ந்திருக்கும் நாளுக்குக் கூலியும் கொடுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஜெய் பீம்.